தலைக்குக் குளித்ததாலா தலைவலி? மைக்ரேனைத் தூண்டுபவை பற்றி

மைக்ரேன் உள்ளவர்களிடம் "உங்களுக்கு எதனால் வருகிறது?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். வெயிலில் போனால், தலைக்குக் குளித்தால், சாப்பிட நேரமானால், பஸ்ஸில் நெடுந்தூரம் போனால், பக்கத்தில் யாராவது சென்ட் அடித்துக்கொண்டு வந்தால். அமெரிக்காவில் 1,207 நோயாளிகளிடம் இதே கேள்வியைக் கேட்டு 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. நான்கில் மூன்று பேர் ஏதோ ஒரு தூண்டுதலைச் சொன்னார்கள். அவர்களில் மன அழுத்தம் என்றவர்கள் 80 சதவீதம். பெண்களில் ஹார்மோன் மாற்றம் என்றவர்கள் 65, சாப்பாடு தவறுவது 57, வானிலை 53, தூக்கம் கெடுவது 50, வாசனை 44. ஏதாவது ஓர் உணவுப் பொருளைச் சொன்னவர்கள் 27 சதவீதம்தான்.

என்னைக் கேட்டால் அந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஏனென்றால் இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் உணவுப் பட்டியல். நாள்பட்ட சீஸ், ரெட் வைன், சாக்லேட், பதப்படுத்திய இறைச்சி என்று நம் சமையலறையில் பெரும்பாலும் இல்லாத பொருள்கள். அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் கைமாறி வரும்போது தயிர், தக்காளி, வாழைப்பழம், வேர்க்கடலை, எலுமிச்சை, ஊறுகாய் என்று நீண்டுகொண்டே போகிறது. இதை நம்பி ஒவ்வொன்றாக நிறுத்தி, எதைச் சாப்பிடுவது என்றே தெரியாமல் அரைவயிற்றோடு இருப்பவர்கள் நிறையப் பேர். தலைவலி குறைவதில்லை, சாப்பாடுதான் குறைகிறது. பசியோ அடுத்த தலைவலிக்கு நேர்வழி. எதை விலக்குவது என்பதிலேயே நம் கவனம் எல்லாம் போய்விடுகிறது. எதை ஒழுங்காக வைத்துக்கொள்வது என்பதில் போவதில்லை. மைக்ரேனைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரிய காரியம்.

அது ஏன் என்று புரிய, இது என்ன நோய் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மைக்ரேன் மூளையின் நோய். பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. 2022-இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு இதோடு தொடர்புடைய 123 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் அடையாளம் காட்டியது. இப்படிப் பிறந்த மூளை வெளிச்சம், சத்தம், வாசனை, பசி எல்லாவற்றையும் மற்றவர்களைவிடக் கூர்மையாக வாங்கிக்கொள்கிறது. முகத்துக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கும் உணர்வைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு கிளர்ந்துவிட்டால், சிஜிஆர்பி என்ற சிறு புரதம் அங்கே வெளியாகிறது. தெறிக்கிற வலி, குமட்டல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் பார்த்தாலே எரிச்சல் என்று தொடங்கி, சிகிச்சை இல்லாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆளைப் போட்டுவிடுகிறது. இந்தப் பாதையைக் கண்டுபிடித்ததற்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கும் 2021-இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பிரைஸ் விருது கிடைத்தது.

உலகில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு மைக்ரேன் இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பக்கத்தில் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் சுமார் 25 சதவீதம் என்று தெரிந்தது. ஆனால் நம் வீடுகளில் இது மைக்ரேன் என்ற பெயரோடு வருவது குறைவு. சைனஸ் என்பார்கள், பித்தம் என்பார்கள், கேஸ் தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள், கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்பார்கள். சைனஸ் தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்த சுமார் 3,000 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன் வரும்போது மூக்கடைப்பதும் கண்ணில் நீர் வருவதும் சாதாரணம் என்பதால் வந்த குழப்பம் இது. சைனஸ் என்று நினைத்துவிட்டால் வருடக்கணக்கில் தூசியையும் குளிர்ந்த தண்ணீரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வலி தொடங்கும் நேரமும் மைக்ரேன் தொடங்கும் நேரமும் ஒன்றல்ல.

வலிக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. காரணமில்லாமல் கொட்டாவி கொட்டாவியாக வரும். பின்கழுத்து இறுகும். அடிக்கடி சிறுநீர் போகும். எரிச்சலாக இருக்கும், அல்லது இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று நாக்கு கேட்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு பெண்ணின் மூளையை 30 நாள்கள் தொடர்ந்து தினமும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த மாதத்தில் அவருக்கு மூன்று முறை மைக்ரேன் வந்தது. வலி வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி வழக்கத்துக்கு மாறாக இயங்கியது பதிவானது. 2016-இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஓர் ஆளை ஒரு மாதம் பொறுமையாகப் பார்த்ததில் எவ்வளவு தெரிகிறது! பசி, தாகம், தூக்கம், ஹார்மோன், உடல்வெப்பம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் இடம் ஹைப்போதலாமஸ். அங்கே தடுமாற்றம் தொடங்கினால் இனிப்பு கேட்பதும் கொட்டாவி வருவதும் இயல்புதானே.

இப்போது சாக்லேட்டை எடுத்துக்கொள்வோம். மத்தியானம் திடீரென்று இனிப்பு தின்ன ஆசை. ஒரு துண்டு சாக்லேட் சாப்பிடுகிறார். சாயங்காலம் தலைவலி. "சாக்லேட் எனக்கு ஒத்துக்காது" என்று அன்றைக்கு முடிவாகிவிடுகிறது. உண்மையில் அந்த ஆசையே மைக்ரேன் தொடங்கிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். 1997-இல் அமெரிக்காவில் அடிக்கடி தலைவலி வரும் 63 பெண்களுக்கு, எது சாக்லேட், எது அதே ருசியில் கேரப் என்ற காயின் பொடியில் செய்தது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், சாப்பிடுபவருக்கும் தெரியாமல் கொடுத்துச் சோதித்தார்கள். சாக்லேட் தின்றதால் தலைவலி கூடவில்லை.

வெளிச்சத்துக்கும் வாசனைக்கும் இதே கதைதான், ஓரளவுக்கு. வெளிச்சம்தான் எனக்குத் தலைவலி வரவழைக்கிறது என்று சொல்கிறவர்களைக் கவனித்ததில், அவர்களில் பலருக்கு வலிக்கு முந்தைய கட்டத்திலேயே வெளிச்சம் கூசத் தொடங்கியிருந்தது என்று அதே ஹாம்பர்க் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். டென்மார்க்கில் 2013-இல் இன்னும் நேரடியாகவே சோதித்தார்கள். பிரகாசமான வெளிச்சமோ கடும் உடற்பயிற்சியோதான் தங்கள் மைக்ரேனுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொன்ன 27 பேரை அதே வெளிச்சத்திலும் அதே உடற்பயிற்சியிலும் வேண்டுமென்றே ஈடுபடுத்தினார்கள். அவர்கள் அஞ்சியதுபோல கண்ணில் மின்னலோடு கூடிய மைக்ரேன் வந்தது 3 பேருக்கு மட்டும். இன்னும் மூவருக்கு மின்னல் இல்லாத மைக்ரேன் வந்தது. மற்ற 21 பேருக்கு மைக்ரேன் வரவே இல்லை.

அப்படியானால் தூண்டுதல் என்பதெல்லாம் பொய்யா? இல்லை. நோயாளிகள் சொல்வதை ஒதுக்கிவிட்டுப் போவதற்கு இந்த ஆய்வுகளைப் பயன்படுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. தனியாக ஒன்றை எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் வராத தலைவலி, வாழ்க்கையில் நாலு விஷயம் ஒன்றுசேரும் நாளில் வரும். வீட்டில் கிரைண்டர் மட்டும் ஓடினால் ஒன்றும் ஆகாது; மோட்டார், ஏசி, அயர்ன்பாக்ஸ் எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் ட்ரிப் ஆகும். கடைசியாகப் போட்ட சுவிட்சைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதோடு, அந்தத் தாங்கும் அளவும் மைக்ரேனில் நாளுக்கு நாள் மாறும். மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் அது மிகவும் தாழ்ந்துவிடும்.

நம் வீட்டு வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்மணி முந்தைய இரவு படுக்கும்போதே பதினொன்றரை. காலையில் நாலரைக்கு எழுந்தாகிவிட்டது. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, எண்ணெய் சீயக்காயோடு தலைக்குக் குளியல். ஈரத்தலையைத் துண்டோடு முறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறார். பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. வழக்கமாக ஐந்தரைக்குக் குடிக்கிற காபி இன்றைக்கு எட்டுக்கு. சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கற்பூரம். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் டிபன் கட்டி அனுப்பிவிட்டு, அப்புறம் கோயில். கல்தரை சுடுகிற நேரம். திரும்பி வந்து தட்டில் சோறு போடும்போது மணி பன்னிரண்டு. ஒரு பக்கப் பொட்டு விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது. "தலைக்குக் குளிச்சது ஒத்துக்கலை, நீர் கோத்துக்கிச்சு" என்கிறார்கள் வீட்டில். குறைந்த தூக்கம், வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது, தள்ளிப்போன காபி, புகை, வெயில் என்று ஆறு விஷயம் வரிசையில் நிற்கின்றன. குளியலின் பேரில் பழி விழுகிறது.

ஆனால் குளியலையும் முழுக்க விட்டுவிட முடியாது. தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வருவது மருத்துவ இதழ்களில் முறையாகப் பதிவானதே நம் நாட்டிலிருந்துதான். மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், இப்படிச் சொன்ன 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் தலைவலிக்கென்றே உள்ள செபலால்ஜியா என்ற மருத்துவ இதழில் எழுதினார். மேற்கத்தியப் பட்டியல்களில் இடம்பெறாத ஒன்று என்பதாலேயே அது கட்டுக்கதை ஆகிவிடாது. மண்டையோட்டுக்குள் தண்ணீர் இறங்குவதில்லை, அது சரி. நெற்றி, உச்சந்தலைத் தோலின் உணர்வு முக்கிளை நரம்பின் வழியாகவும் பின்னந்தலையின் உணர்வு கழுத்து நரம்புகளின் வழியாகவும் போய் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்கின்றன. மைக்ரேன் வலி கிளம்பும் பாதையும் அதுவே. குளிர்ந்த ஈரமும் கனத்த கூந்தலை இறுக்கிக் கட்டிய இழுப்பும் அங்கேதான் போய்ச் சேருகின்றன.

அதனால் தலைக்குக் குளிப்பதை நிறுத்த வேண்டியதில்லை, நாளையும் நேரத்தையும் மாற்றினால் போதும். ஏதாவது சாப்பிட்ட பிறகு குளிப்பது, வெதுவெதுப்பான தண்ணீர், குளித்த உடனே நன்றாகத் துவட்டி முடியை விரித்துவிட்டுக் காயவைப்பது, ஈரத்தோடு இறுக்கிப் பின்னாமல் இருப்பது, இரவு தூக்கமில்லாத நாளிலும் மாதவிலக்கின் முதல் நாள்களிலும் தள்ளிப்போடுவது. குளியல் ஒன்றுதான் காரணம் என்று பல முறை பார்த்து உறுதியானவர்களுக்கு, குளிப்பதற்கு முன்பே மாத்திரை எடுத்துக்கொள்ளும் வழியையும் மருத்துவர்கள் சொல்வதுண்டு.

பசியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும். நம் ஊரில் மிகச் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய தூண்டுதல் அதுதான், சரிசெய்யப்படாமல் கிடப்பதும் அதுதான். ரம்ஜான் நோன்பின் முதல் நாள்களில் வரும் தலைவலியையும் யூதர்களின் யோம் கிப்பூர் உபவாசத்தின்போது வரும் தலைவலியையும் ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியாகவே படித்திருக்கிறார்கள். நம்மிடம் சஷ்டி, ஏகாதசி, சனிக்கிழமை விரதம், மலைக்கோயில் பயணம் என்று அதற்குச் சந்தர்ப்பம் ஏராளம். விரதம் மட்டுமா? எல்லோருக்கும் பரிமாறி முடித்து மிச்சத்தைச் சாப்பிடுகிற வழக்கமே பல பெண்களுக்குத் தினசரி விரதம்தான். ஏழு மணிக்கு ஒரு டம்ளர் காபி, பதினோரு மணிக்கு ஆறிப்போன இரண்டு இட்லி. முந்தைய இரவு எட்டரைக்குச் சாப்பிட்டதிலிருந்து எண்ணினால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இப்படிப்பட்டவருக்கு மைக்ரேன் இருந்தால் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதே. அவர் முதலில் சாப்பிடுவதற்கு வீட்டில் உள்ளவர்கள் இடம் கொடுக்க வேண்டும். இது சமையலறைப் பழக்கம் மட்டுமல்ல, மருத்துவ அறிவுரையும்கூட.

எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடலாம். இரண்டு வாய் பழையது, ஒரு வாழைப்பழம், கைப்பிடி சுண்டல் எதுவானாலும் சரி. வெளியே போகும்போது பையில் பொட்டுக்கடலையோ வேர்க்கடலை மிட்டாயோ இருக்கட்டும். விரதம் விட முடியாது என்பவர்கள் பாலோ பழமோ எடுத்துக்கொள்கிற விரதமாக மாற்றிக்கொள்ளலாம், முந்தைய நாளே தண்ணீர் நிறையக் குடிக்கலாம், வழக்கமான காபியைத் திடீரென்று நிறுத்தாமல் முன்கூட்டியே படிப்படியாகக் குறைக்கலாம்.

காபிக்கு இரண்டு முகம் உண்டு. காஃபீன் வலிமாத்திரையின் வேகத்தைக் கூட்டும். அதனால்தான் சில தலைவலி மாத்திரைகளிலேயே அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் தினமும் குடித்துப் பழகிய உடம்புக்கு அது கிடைக்கவில்லை என்றால் ஒரு நாளுக்குள் தலைவலி வரும். பாஸ்டனில் மைக்ரேன் உள்ள 98 பேரைத் தினமும் குறிப்பெழுத வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றிரண்டு கப் குடித்த நாளுக்கும் தலைவலிக்கும் தொடர்பு தெரியவில்லை. மூன்று கப் அல்லது அதற்கு மேல் போன நாள்களில் வாய்ப்பு கூடியது. ஆகவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதே நேரத்தில், வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படியே. இது போதும்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதும் இன்னொன்று. வாரம் முழுக்க ஓடியாடி ஒன்றும் ஆகாதவருக்கு லீவு நாளில் தலைவலி வருவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். ஒன்பது மணி வரை தூங்குவதால் தூக்கமும் மாறுகிறது, காபியும் டிபனும் தள்ளிப்போகின்றன. அதற்கும் மேலே, அழுத்தம் இறங்குவதே ஒரு தூண்டுதல். நியூயார்க்கில் 2014-இல் செய்த ஒரு சிறிய ஆய்வில், மன அழுத்தம் சட்டென்று குறைந்த பிறகான முதல் 6 மணி நேரத்தில் மைக்ரேன் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. பரீட்சை முடிந்த மறுநாள் பிள்ளைக்குத் தலைவலி, கல்யாண வேலை முடிந்து மண்டபத்தைக் காலி செய்த அன்று அம்மாவுக்குத் தலைவலி. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதே, இப்ப என்ன?" என்று கேட்காதீர்கள். முடிந்ததால்தான். லீவு நாளிலும் வழக்கமான நேரத்துக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு, வேண்டுமானால் மத்தியானம் சற்றுப் படுக்கலாம்.

வெயிலைத் தவிர்க்கச் சொல்வது நம் ஊரில் சுலபம், தவிர்ப்பது கஷ்டம். பாஸ்டனில் அவசர சிகிச்சைக்கு வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தலைவலி நோயாளிகளை வைத்து 2009-இல் கணக்குப் பார்த்ததில், வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் கூடும்போது அடுத்த 24 மணி நேரத்தில் தலைவலியோடு வரும் வாய்ப்பு 7.5 சதவீதம் கூடியது. நம் சித்திரை, வைகாசியில் வெப்பத்தோடு கண்கூசும் வெளிச்சமும் வேர்வையில் போகும் நீரும் சேர்ந்துகொள்கின்றன. குடை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மோர், உப்புப்போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்று நம் பாட்டிகள் சொன்னதே இங்கும் சரி. வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிடக் கூடாது. மிகவும் இறுக்கமாக இருந்தால் சரியான அளவில் வேறு வாங்குங்கள். பஸ்ஸில் மரவரிசைக்கும் பாலக் கைப்பிடிக்கும் நடுவே வெயில் பளிச் பளிச்சென்று வெட்டும் பக்கத்து ஜன்னலைத் தவிர்த்து, நிழல் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தால் குமட்டலும் குறையும். வீட்டுக்குள்ளே மட்டும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். எப்போதும் இருட்டிலேயே இருந்து பழகினால் கண்ணின் கூச்சம் கூடத்தான் செய்யும்.

வாசனை தனிக்கதை. தாங்க முடியாத வாசனை உணர்வு மைக்ரேனுக்கே உரிய குணம், மற்றத் தலைவலிகளில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. சென்ட், பெயின்ட், பெட்ரோல், மிளகாய் தாளிக்கும் நெடி, தலையில் வைத்த மல்லிகைகூட. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் "கொஞ்சம் சென்ட் குறைச்சுக்கிறீங்களா" என்று கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. கார் வைத்திருப்பவர்கள் உள்ளே தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கைத் தவிர்க்க முடியாது, ஆனால் அது சொல்லிக்கொண்டு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் அளவு சட்டென்று இறங்குவதுதான் காரணம். தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை ஆபத்தான நேரம். அப்போது வரும் மைக்ரேன் மற்ற நாள்களில் வருவதைவிடக் கடுமையாகவும் நீண்டும் இருக்கும். அந்த ஐந்து நாள்களில் மற்ற எல்லாவற்றையும் கட்டுக்குள் வைப்பது புத்திசாலித்தனம். இரவுப் பயணம், விரதம், தலைக்குக் குளியல் எதையும் அந்த நாள்களில் வைத்துக்கொள்ள வேண்டாம். சுழற்சி ஒழுங்காக உள்ளவர்களுக்கு அந்தச் சில நாள்களுக்கு மட்டும் முன்கூட்டியே மருந்து தரும் முறையும் இருக்கிறது. கர்ப்பத்தின் நாலாம் மாதத்துக்குப் பிறகு பலருக்கு மைக்ரேன் தானாகக் குறையும். ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: வலிக்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடு தெரிகிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் தாங்களாக மாத்திரை வாங்குவதையும் நிறுத்த வேண்டும்.

உணவில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது மது. அது பலருக்குத் தூண்டும். அஜினமோட்டோவைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. உணவோடு கலந்து, எதில் இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்த சோதனைகளில் அது தொடர்ந்து தலைவலியை உண்டாக்கவில்லை. உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட பொருள் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வலி வந்தால், அதை மட்டும் விடுங்கள். ஒரு முறை வந்ததற்காக விடாதீர்கள்.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? தினசரிக் காலண்டர் போதும். வலி வந்த நாளில் மட்டும் எழுதினால் பயன் குறைவு. வராத நாளிலும் இரண்டு வரி எழுத வேண்டும்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், எப்போது சாப்பிட்டேன், வெயிலில் போனேனா, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், என்ன மாத்திரை. அப்போதுதான் "வெயிலில் போன பத்து நாளில் இரண்டு நாள்தான் வலி, அந்த இரண்டு நாளும் காலையில் சாப்பிடவில்லை" என்பது கண்ணில் படும். கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை தூண்டுதல்கள் அல்ல, எச்சரிக்கை மணிகள்.

தவிர்ப்பதிலும் ஓர் எல்லை வேண்டும். ஆஸ்திரேலியாவில் பால் மார்ட்டின் என்ற உளவியலாளர், எல்லாத் தூண்டுதல்களையும் தவிர்க்கச் சொன்ன குழுவையும், சிலவற்றை மட்டும் தவிர்த்து மற்றவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகச் சொன்ன குழுவையும் ஒப்பிட்டார். 2014-இல் வெளியான முடிவில் பழகச் சொன்ன குழுதான் நன்றாகத் தேறியது. உடற்பயிற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழக்கமில்லாமல் ஒரே நாளில் ஓடினால் தலைவலி வரும். ஸ்வீடனில் வாரம் மூன்று முறை 40 நிமிடம் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, டோபிரமேட் என்ற தடுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்ததற்குச் சமமான பலன் கிடைத்தது. கல்யாணத்துக்குப் போகாமல், கோயிலுக்குப் போகாமல், வெளிச்சத்தைக் கண்டு பயந்து வீட்டுக்குள் முடங்குவது சிகிச்சை ஆகாது.

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சில தலைவலிகள் வரத்தான் செய்யும். அதற்காக "நீ எதையோ சாப்பிட்டிருப்பே" என்று நோயாளியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். வலி தொடங்கிய உடனே மாத்திரை சாப்பிட்டால் நன்றாகக் கேட்கும். தாங்க முடியாமல் போன பிறகு சாப்பிட்டால் வயிறே அதை வாங்காது. ஆனால் நாள் கணக்கு முக்கியம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகையையும் பல மருந்து கலந்த வலிமாத்திரைகளையும் 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு அதிகமாகச் சாப்பிட்டு வந்தால் மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். தெருமுனை மெடிக்கலில் "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்குகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சுழலில் இருக்கிறார்கள்.

சில வேளைகளில் தூண்டுதல் தேடிக்கொண்டிருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாழ்நாளில் இல்லாத அளவுக்கு நொடியில் வெடித்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, பிரசவத்தை ஒட்டி வரும் புதுத் தலைவலி ஆகியவை அப்படிப்பட்டவை. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாதத்தில் நாலு நாளுக்கு மேல் மைக்ரேனில் போகிறது என்றால், வலி வரும்போது போடும் மாத்திரை மட்டும் போதாது. வராமல் தடுக்கும் மருந்தைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேச வேண்டும். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனாரிசின், டோபிரமேட் என்று பல உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் ஆகாது, கருத்தரிக்க வாய்ப்புள்ளவருக்கு டோபிரமேட் ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் சரியாக வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இவை பத்து நாளில் வேலை செய்கிற மருந்துகளும் அல்ல. சரியான அளவில் இரண்டு மூன்று மாதம் சாப்பிட்ட பிறகுதான், முன்பு மாதத்தில் எத்தனை நாள் வந்தது, இப்போது எத்தனை நாள் என்று காலண்டரை வைத்துக் கணக்குப் பார்க்க முடியும். பாதியாகக் குறைந்திருந்தாலே மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.